பஞ்சு வைத்த வாக்கியங்கள்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அடித்தால் அந்த நாலு மாடிக் குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டிலும் டிவி ஒரே சேனலுக்குத் தாவிவிடும். அறிவியல் மேல் அவ்வளவு ஆசையா என்றால், அதெல்லாம் இல்லை. குற்றம் கண்டுபிடிக்கிற ஆசைதான். அந்த அறிவியல் நிகழ்ச்சிக்குக் குரல் கொடுக்கிறவர் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். திட்டு வாங்க வேண்டிய ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கிற சுகமே தனி.

"இந்தப் பிரபஞ்சத்தில்..." என்று ஒரு இழுப்பு இழுத்துத்தான் ஒவ்வொரு வாரமும் தொடங்குவார். அந்த இழுப்பே பெயராக ஒட்டிக்கொண்டது. பிரபஞ்சம் வண்டியை வழியில் நிறுத்திவிட்டார், பிரபஞ்சம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று அந்தக் கட்டடத்தில் பிரபஞ்சத்தின் மேல் வராத புகார் இல்லை. ஐம்பத்தாறு வயசு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு மாடிக்கு ஒரு கதை உண்டு, நாலும் பொய். கூட இருப்பது அக்கா மட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் படி இறங்குவதற்குள் மனிதருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டாவது மாடியில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத் தலைவர், கடவுள் என்ற சொல் காதில் விழுந்தாலே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பவர். முதல் மாடியில் பக்தி அம்மா. அவருக்கு வேறு பெயர் உண்டு, யாருக்கும் நினைவில்லை. மலைகளைப் பற்றி ஒரு வாரம் வந்தது. உச்சியில் சூரியன் எழும்போது பின்னணியில் நாலு நொடி மணிச் சத்தம் கேட்டதே, அது யார் சொல்லி நுழைந்தது என்று வாத்தியார் பிடித்துக்கொண்டார். ஒரு மாடி இறங்கினால், முப்பது கோடி வருஷம் என்று வாய் கூசாமல் சொன்னீர்களே, பக்கத்தில் நின்று பார்த்தீர்களா என்று பக்தி அம்மா. அணைக்கட்டைப் பற்றி வந்த வாரம் இரண்டு பேரும் கூட்டணி. மதகு திறந்த மந்திரியின் கையை மூன்று தடவை காட்டினார்கள் என்று ஒருவர் சொல்ல, நாலு தடவை என்று மற்றவர் திருத்தினார். சேனல் விலை போய்விட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறவன் நான் என்பார் பிரபஞ்சம். இருபத்திரண்டு வருஷமாக மாட்டி நடந்து, குதிகால் தேய்ந்துபோன செருப்பு மாதிரி இருந்தது அந்தப் பதில். ஆனாலும் அவரிடம் வேறு ஜோடி இல்லை.

ஒரு கட்டடத்திலேயே இந்தக் கூத்து என்றால் சேனலுக்கு வருகிற கடிதங்களைக் கேட்கவா வேண்டும். ஒரே நிகழ்ச்சியை மதப் பிரசாரம் என்று ஒரு கட்டும், மத விரோதம் என்று ஒரு கட்டும், ஆளும் கட்சியின் விளம்பரம் என்று இன்னொரு கட்டும் வரும். நிகழ்ச்சி மேலாளருக்கு இதிலேயே பாதித் தலை வழுக்கை. மீதித் தலையைக் காப்பாற்றிக்கொள்ள, போன மழைக்காலத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த வாக்கியம் யாரைக் குத்தும் என்று தோன்றுகிறதோ, அதன் வாலில் மெத்தென்று ஏதாவது ஒட்டிவிடுவது. 'என்று கூறப்படுகிறது.' 'என்று சிலர் கருதுகிறார்கள்.' 'இதில் மாற்றுக் கருத்துகளும் உண்டு.' இப்படி ஏழு வால். ஒரே மூச்சில் ஏழையும் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு வேண்டிய இடத்தில் எடிட்டரே ஒட்டிக்கொள்ளலாம். குரல்காரரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை.

அன்றைக்குப் பார்த்து பிரபஞ்சத்துக்குக் கடும் ஜலதோஷம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். ஒட்டுகிற துண்டுதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் மேலாளர். பதிவு அறையில் சத்தம் வரும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள். வியர்த்து வழிய, மூக்கு அடைத்து, முனகுகிற ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து ஏழு வாலையும் சொல்லி முடித்தார். எடிட்டர் கழுத்துவலிப் பட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிற ஒரு பெண்மணி. அவர் அந்த ஏழையும் கம்ப்யூட்டரில் தனியாக எடுத்து வைத்து, அதற்கு 'பஞ்சு' என்று பெயர் கொடுத்தார். அடிபடக்கூடிய இடத்தில் வைக்கிறதுதானே என்பது அவர் விளக்கம். அதற்குப் பிறகு, நிலா பூமியைச் சுற்றி வருகிறது என்று பிரபஞ்சத்தின் மணிக்குரல் சொல்லும். இதில் மாற்றுக் கருத்துகளும் உண்டு என்று மூக்கடைத்த குரல் பின்னாலேயே வரும்.

நாட்டில் இத்தனை பேர் பார்த்தும் இதைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். அக்கா.

அக்கா முப்பத்தோரு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். சோற்றில் கல்லைப் பார்க்கிற மாதிரி எதிலும் பிழையைப் பார்க்கிற ஆள். ஓய்வு பெற்ற பிறகும் சிவப்பு மை பேனா கையை விட்டுப் போகவில்லை. சங்கத்தின் நோட்டீஸ் எல்லாம் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிவிப்புப் பலகைக்குப் போகும். டிவியில் அந்த மூக்கடைப்பு மூன்றாவது தடவை வந்தபோதே தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஒரே மூச்சு, ஒரே உறிஞ்சல், ஒரே இடத்தில் தேய்கிற 'கிறது'. அடுத்த வாரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். எரிமலைக்குப் பதினொன்று. தேனீக்கு நாலு. நட்சத்திரங்களுக்குப் பத்தொன்பது. பத்தொன்பது இடத்தில் சேனலுக்கே நம்பிக்கை இல்லாத விஷயத்தை நான் ஏன் நம்ப வேண்டும் என்பது அக்காவின் நியாயம்.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்தவரை பிரபஞ்சம் சிரித்துக்கொண்டார். அக்காவின் கண்ணில் புரை விழுந்ததுதான் வினை.

வலது கண் பாதிக்கு மேல் மூடிவிட்டது, இடது கண்ணிலும் ஆரம்பம். புரை முத்திவிட்டது, இன்னும் தள்ளிப் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும், அப்புறம் அறுத்தும் பிரயோஜனம் இருக்காது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று தடவை நாள் குறித்து மூன்று தடவையும் அக்கா கடைசி நேரத்தில் தலைவலி என்று படுத்துவிட்டார். நாலாவது நாள் வருகிற திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழன், தெய்வாதீனமாக (வாத்தியார் மன்னிக்க), நிகழ்ச்சியில் கண்ணைப் பற்றித்தான்.

பிரபஞ்சம் அந்த வாரம் வாசித்த மாதிரி இருபத்திரண்டு வருஷத்தில் வாசித்ததில்லை. வெந்நீர் குடித்து, காகிதம் சரசரக்காமல் பக்கங்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொரு வரியையும் அக்கா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார். 'புரையை அகற்றிவிட்டால் பார்வை திரும்பும்.' அவ்வளவுதான் வாக்கியம். அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாவதை வைத்துக்கொள்ளச் சொன்னார். இத்தனை அக்கறை எதற்கு என்று எடிட்டர் ஒரு மாதிரியாகப் பார்த்ததாகக் கேள்வி.

வியாழக்கிழமை ஆறு மணி. அக்கா நாற்காலியை டிவிக்கு ஒரு முழ தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பார்ப்பது குறைந்ததிலிருந்து கேட்பது கூர்மையாகிவிட்டது. கண்ணுக்குள் ஒளி நுழைவது, புரை படர்வது எல்லாம் சுத்தமாக வந்தது. தம்பி உள்ளுக்குள் சந்தோஷப்பட ஆரம்பித்த நேரம் பார்த்து அந்த வாக்கியம் வந்தது.

புரையை அகற்றிவிட்டால் பார்வை திரும்பும். அப்புறம் ஓர் உறிஞ்சல். என்று கூறப்படுகிறது.

அக்கா ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தார்.

"திங்கக்கிழம எனக்குத் தலவலி வரும்டா" என்றார். "இப்பவே சொல்லிட்டேன். ஆட்டோவுக்குச் சொல்லி வைக்காத."

மறுநாள் படியிலும் அதே பேச்சுத்தான். தேர்தல் நேரத்தில் இலவசக் கண் முகாம் நடத்துகிறார்களே, அதற்கு ஜால்ரா என்றார் வாத்தியார். அதோடு படம் பிடித்தது ஒரு தர்ம ஆஸ்பத்திரியில், சுவரில் சாமி படம் ஓரமாகத் தெரிந்ததாம். அந்தப் படத்தைப் பாதிக்கு மேல் காட்டாமல் வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்றார் பக்தி அம்மா. ஒரே சாமி படம், காட்டினதும் குற்றம், வெட்டினதும் குற்றம். போதாததற்கு அக்காவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து இருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார். அந்த நிகழ்ச்சியை நம்பிக் கண்ணைக் கொடுக்காதீர்கள் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். வாத்தியாரும் பக்தி அம்மாவும் ஒரே குரலில் பேசியது அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் இரண்டாவது தடவை.

பிரபஞ்சம் நேரே எடிட்டரிடம் போனார். கோபப்படவும் தெம்பில்லை. எடிட்டருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. கண் முகாம் என்றால் கட்சி, தர்ம ஆஸ்பத்திரி என்றால் மதம், மேலாளர் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார், பதினாலு பஞ்சு என்றார். பஞ்சு வைக்காத பழைய பதிவைக் கேட்டார் பிரபஞ்சம். எதற்கு என்று கேட்காமல் எடிட்டர் போனில் அனுப்பி வைத்தார். கழுத்துவலிக்காரர்களுக்கு அடுத்தவர் வலி கொஞ்சம் புரியும்.

சனிக்கிழமை மத்தியானம் பிரபஞ்சம், இது பஞ்சு வைக்காதது என்று சொல்லி, அக்கா காதருகே போனை வைத்து அதைப் போட்டுக் காட்டினார். மூக்கடைப்பே இல்லாத சுத்தமான குரல். அக்கா முழுக்கக் கேட்டார். அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக, ஃபாரம் ஃபாரமாகப் படித்தவருக்கு முழுக்கக் கேட்காமல் தீர்ப்புச் சொல்கிற வழக்கமில்லை.

"நல்லாத்தான் படிச்சிருக்க. ஆனா எழுதினது யாரு?"

"ஸ்கிரிப்ட் எழுதறவர்."

"அவருக்கு யாரு சொன்னா?"

பிரபஞ்சத்துக்குத் தெரியவில்லை.

"பஞ்ச எடுத்துட்டா உண்மையாயிடுமா? போன வருஷம் தண்ணிய நாளைக்கு அஞ்சு லிட்டர் குடிங்கன்னு படிச்ச. இந்த வருஷம் அவ்வளவு வேணாம்னு படிச்ச. ரெண்டும் ஒரே குரல்தான், தேன் மாதிரி." அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு அவ்வளவு மோசமா ஒண்ணும் இல்லடா. நோட்டீஸ் எல்லாம் இன்னும் நான்தான் பாக்குறேன். அந்தத் தொட்டி விஷயத்துலகூட என் மேலயா தப்பு? கடக்காரன் மை சரியில்ல. நீதானே சொன்ன."

அந்த இடத்தில் பிரபஞ்சத்துக்குச் சுரீர் என்றது.

தொட்டி விஷயம் கட்டடத்துக்கே தெரியும். போன மாசம் தண்ணீர்த் தொட்டி கழுவ எட்டாம் தேதி என்று வாத்தியார் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடையில் அடித்த நோட்டீஸில் மூன்றாம் தேதி என்று விழுந்துவிட்டது. அக்கா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டார். மூன்றாம் தேதி பன்னிரண்டு வீட்டிலும் அண்டா குண்டான் எல்லாம் நிரப்பிவைத்துக் காத்திருந்தார்கள்; யாரும் வரவில்லை. எட்டாம் தேதி, தலை நிறையச் சோப்போடு பக்தி அம்மா குழாயைத் திருகியபோது காற்றுதான் வந்தது. சங்கத் தலைவர் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. நாத்திகம் பேசுகிறவன் தொட்டியைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்றுகூடப் பேச்சு வந்தது.

கட்டடத்துக்குத் தெரியாதது ஒன்று. அறிவிப்புப் பலகையில் அந்த மூன்று பளிச்சென்று, கொட்டை எழுத்தில், கறுப்பாக இருந்தது. மையில் ஒரு குறையும் இல்லை. எட்டாம் தேதி ஏச்சு கிளம்பியதும் பிரபஞ்சம்தான் முதலில் போய்ப் பார்த்தார். பார்த்ததும் நோட்டீஸைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்காரன் அச்சு மங்கல், எட்டு மூன்று மாதிரி விழுந்துவிட்டது என்று மேலும் கீழும் சொல்லிவிட்டார். அக்காவிடமும் அதையேதான் சொன்னார். அக்கா கடைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் திட்டினார். அந்தப் புண்ணியவான் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

அது மட்டுமா. அக்கா துலக்கிய பாத்திரத்தை அவர் ரகசியமாக மறுபடி துலக்குவது, படியில் ஒரு படி முன்னாலேயே இறங்குவது, பேப்பரில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று அக்கா சொன்னால் ஆமாம் ஆமாம் என்பது... சேனலுக்கு ஏழு பஞ்சுதான். வீட்டில் அவர் வைத்த பஞ்சுக்குக் கணக்கே இல்லை.

பிரபஞ்சம் அலமாரியைத் திறந்து, பழைய சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸை எடுத்து வந்தார். அக்கா கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றார். என்ன சொல்வது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார். அந்தப் புகழ் பெற்ற குரல் வரவில்லை. கட்டைக் குரல் ஒன்று வந்தது.

"மை நல்லாத்தான் இருக்குக்கா. அது மூணுதான். கடக்காரன் தப்பா அடிச்சான், ஆனா நீ பாத்து விட்டுட்ட. நான்தான் பொய் சொன்னேன்."

அக்கா நோட்டீஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்தார். தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தார், அப்புறம் வலது கண்ணால். விரலால் அந்த எண்ணைத் தடவிக்கூடப் பார்த்தார், அச்சகத்து ஈய எழுத்தைத் தடவுகிற மாதிரி.

"எத்தன நோட்டீஸ்?" என்றார் கடைசியில்.

"இதோட அஞ்சு. மத்ததெல்லாம் பலகைக்குப் போறதுக்கு முன்னாடியே நான் திருத்திட்டேன்."

"முப்பத்தோரு வருஷம்டா" என்றார் அக்கா. "ஒரு எண்ணு மாறினதில்ல."

அதற்கு மேல் அவர் தம்பியோடு பேசவில்லை. சனிக்கிழமை பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் பேசவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன்னந்தனியாக இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போனது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் வீட்டுக் கதவு சாத்தியிருந்ததால் மற்ற விவரம் அரைகுறையாகத்தான் கிடைத்தது. சிவப்பு மை பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். கடைக்காரனுக்கும் ஒரு போன் போயிற்று. அதில் திட்டு இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு பிரபஞ்சம் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசல் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத புடவை, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"ஆட்டோ சொல்லலையா?" என்றார்.

நீதானே சொல்லாதே என்றாய் என்று தம்பி இழுத்தார்.

"உன்ன நம்பி வரல" என்றார் அக்கா. "உன் டிவிய நம்பியும் வரல. அந்த மூண நம்பி வர்றேன். போய் ஆட்டோ புடி."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் டிவி ஓடியது. கண்ணைப் பற்றின அதே நிகழ்ச்சி, மறு ஒளிபரப்பு. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர், எல்லாம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறான்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் பிரபஞ்சம். ஆமாம் என்று தலையாட்டி வைத்தார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அக்கா அழவில்லை, யார் முகத்தையும் தேடவில்லை. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. டாக்டர் மேலேயிருந்து படிக்கச் சொன்னார். அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் நின்றார்.

"இந்த வரி சரியா அச்சாகல" என்றார்.

அச்சு சரியில்லை, மை சரியில்லை என்பது தம்பியே சொல்லிக் கொடுத்த சால்ஜாப்பு. ஆமாம் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, எழுந்து போய்ப் பலகைக்குக் கிட்டத்தில் நின்று பார்த்தார். மூன்றாவது வரி நிஜமாகவே வலப்பக்கம் ஒரு நூலளவு சரிந்திருந்தது. பலகை மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது, இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார் டாக்டர்.

"பாத்தவங்க எல்லாம் புரைக்காரங்கதானே" என்றார் அக்கா.

இடது கண்ணுக்கும் நாள் குறித்தாயிற்று. கட்டடத்தில் வழக்கம் போல இரண்டு கட்சி. தன் வேண்டுதல்தான் பலித்தது என்று பக்தி அம்மா. வேண்டுதல் என்றால் கத்தி எதற்கு என்று வாத்தியார். இருவரும் தனித்தனியாக வந்து அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அக்கா இருவரிடமும் ஒரே பதில்தான் சொன்னார்: கூறப்படுகிறது. வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்குள் சேனலில் புதுத் தலைவலி. யாரோ ஒரு நேயர் கடிதம் போட்டுவிட்டார்: குரல்காரருக்கு மத விஷயம் வரும்போது மட்டும் ஜலதோஷம் பிடிக்கிறது, இதன் பின்னணி என்ன, எந்தக் கட்சி? மேலாளர் ஆடிப்போய்விட்டார். ஏழு பஞ்சையும் உடனே சுத்தமான குரலில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், ஒட்டினது தெரியவே கூடாது என்று உத்தரவு. பிரபஞ்சம் அதை அலுப்போடு அக்காவிடம் சொன்னார். செய்யாவிட்டால் வேறு குரலைப் பார்த்துக்கொள்வார்கள், அதையும் சொன்னார். இப்போதெல்லாம் வீட்டில் எதையும் மறைப்பதில்லை.

அக்கா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போய்ச் சொல்லு. ஆனா சளி இருக்கட்டும்டா. அது இருந்தாத்தான் எது நீ படிச்சது, எது அவங்க ஒட்டினதுன்னு எனக்குத் தெரியும்."

பதிவு நாள் காலையில் நல்ல மழை. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிய பிரபஞ்சம், கேட்டைத் தாண்டியதும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை நனைய நனைய மெதுவாக நடந்து போனதை முதல் மாடி ஜன்னலிலிருந்து பக்தி அம்மா பார்த்தார். ஐம்பத்தாறு வயசில் இது என்ன பிரார்த்தனையோ என்று அவருக்குச் சந்தேகம். இரண்டாவது மாடியிலிருந்து வாத்தியாரும் பார்த்தார். ஏதோ போராட்டம் என்று அவர் முடிவு கட்டினார். தெருமுனை வரை போய், ஒரு தடவை பலமாகத் தும்மிவிட்டு, பிரபஞ்சம் பஸ் ஏறினார்.